கைதட்டல் இரண்டு

சேர்வராயன் மலையில் சப்தத்துக்குத் தனி மதிப்பு உண்டு. கீழே சேலத்துக் கடைவீதியில் ஒருவன் பானையைப் போட்டு உடைத்தால் பக்கத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பது சந்தேகம். மலைமேல் விஷயம் வேறு. ஏரிக்கு அக்கரையில் யாரேனும் கதவை அறைந்து சாத்தினால், இக்கரையில் இருப்பவர், "காற்று எழும்பிவிட்டது போலிருக்கிறது" என்பார். காப்பித் தோட்டத்தில் சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒன்று முறிந்து விழுந்தால், பழம் பறிக்கிற பெண்கள் அத்தனை பேரும் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி வருகிறது. கடைசி வளைவுகளில் அது ஊதும் ஊதலைக் கேட்டே கடைக்காரர் அடுப்பில் பாலை வைத்துவிடுவார்.

இந்த மலையில்தான் நாம் இங்கிலீஷ் உபாத்தியாயராகக் காலம் தள்ளி வருகிறோம். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. சொற்களை விற்றுச் சோறு தின்னும் தொழில். ஆகையால் சொற்களைப் பற்றிய புகார்களெல்லாம் நம்மிடம்தான் வந்து சேரும். அவற்றில் வருஷந்தோறும் தவறாமல் வரும் புகார் ஒன்று உண்டு.

"சார்! இங்கிலீஷில் சப்தத்துக்கு எத்தனை சொற்கள்! பாங், பாப், கிராக், கிளாப், ஸ்லாம், தட் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். தமிழில் 'சத்தம்' என்ற ஒரே சொல்தானே இருக்கிறது?"

கேட்கிற பிள்ளைகளைக் கோபித்துப் பயனில்லை. 1820-களில் சேலம் ஜில்லாக் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பவர் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டு வந்தார். காப்பிச் செடிக்குப் பின்னால் தோட்டத் துரைமார்கள் வந்தார்கள். துரைமார்களுக்குப் பின்னால் பங்களாக்களும் பள்ளிக்கூடங்களும் வந்தன. ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள். அந்த ஏற்காட்டிலே பாறை முனைகளுக்குக்கூட 'லேடீஸ் ஸீட்' என்றும் 'பகோடா பாயிண்ட்' என்றும் பெயர். பாறைக்கே இங்கிலீஷ் பெயர் இருக்கும்போது, பாறை உருளும் சப்தத்துக்கும் இங்கிலீஷில்தான் பெயர் இருக்கும் என்று பிள்ளைகள் எண்ணுவதில் ஆச்சரியம் என்ன?

ஒருநாள் வகுப்பிலேயே இதைப் பரீட்சை செய்து பார்த்துவிடுவது என்று தீர்மானித்தோம். மேஜைமேல் இருந்த தடித்த அகராதியைத் தரையில் போட்டோம். "எப்படி விழுந்தது?" என்று கேட்டோம். "பொத்தென்று" என்றார்கள். சாக்குக் கட்டியை ஒடித்தோம். "படக்கென்று". கதவைச் சாத்தினோம். "படாரென்று". பித்தளை டம்ளரைத் தட்டினோம். "ணங்கென்று". சில்லறைக் காசுகளைக் கொட்டினோம். "கலீரென்று". பின்வரிசைப் பெஞ்சு ஒன்று தானாகவே இந்தப் பரீட்சையில் கலந்துகொண்டு சாய்ந்தது. "தடாலென்று" என்று வகுப்பே கூவிற்று. கடைசியாக ஒன்றும் பேசாமல் உள்ளங்கையை மட்டும் உயர்த்திக் காட்டினோம். "பளார்!" என்று நாற்பது குரல்கள் ஒருமிக்கக் கிளம்பின. செயல்முறை விளக்கம் தேவைப்படவில்லை.

சற்றுக் கவனித்துப் பார்த்தால் இந்தச் சொற்களில் ஓர் ஒழுங்கு இருப்பது புலப்படும். படக், சடக், பொத், தொப் என்று வல்லெழுத்தில் முடிந்தால் சப்தம் அந்த இடத்திலேயே செத்துவிட்டது என்று பொருள். படார், தடால், ணங், கலீர் என்று முடிந்தால் சப்தம் இன்னும் காதில் நின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். தேங்காயும் வெண்கலக் குடமும் ஒரே உயரத்திலிருந்து விழுந்தாலும், தமிழன் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் பிரயோகிக்க மாட்டான்.

இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. வல்லெழுத்து மெய்யில் எந்தச் சொல்லும் முடியாது என்பது தொல்காப்பியர் காலத்துச் சட்டம். 'ட' என்ற எழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பதும் அவ்வாறே. ஆனால் துப்பாக்கி 'டுமீல்' என்கிறது. பட்டாசு 'டமால்' என்கிறது. வெடிச் சப்தம் இலக்கணத்தின் அனுமதி பெற்றுக்கொண்டு வருவதில்லை! ஆயினும் தொல்காப்பியர் இவர்களுக்கு வழி விடாமல் இல்லை. 'என' என்ற இடைச்சொல்லுக்கு அவர் ஆறு பயன்களைச் சொல்லும்போது, ஓசையைக் குறிப்பதையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். 'தொப்' என்பது தனியே நிற்கத் தகுதியற்ற சொல்; 'என்று' என்பதன் கையைப் பிடித்துக்கொண்டால் 'தொப்பென்று' ஆகி, கௌரவமாகச் சபைக்குள் நுழைந்துவிடுகிறது. சலசல, கலகல, படபட என்று இரட்டையாகவே பிறந்து, பிரித்தால் பொருள் தராத சொற்களுக்கு 'இரட்டைக் கிளவி' என்று பெயரிட்டு அவற்றுக்கும் ஒரு விதி வகுத்தார். சப்தங்களுக்கு இலக்கணத்திலே இடம் ஒதுக்கிய ஒரு பாஷையைப் பார்த்து, "சப்தத்துக்குச் சொல் உண்டா?" என்று கேட்பது, கடலைப் பார்த்து உப்பு இருக்கிறதா என்று கேட்பதற்குச் சமானம்.

இவ்வளவும் சொன்னதனால் இங்கிலீஷ் அகராதியை நாம் தாழ்த்திப் பேசுவதாக நேயர்கள் எண்ணலாகாது. இங்கிலீஷ்ச் சொற்களின் அருமை வேறொரு திசையில் இருக்கிறது. நம் சொற்கள் காதுக்கு நேராகப் பேசுகின்றன. அவர்களுடைய சொற்களில் பல, மாறுவேஷம் போட்டுக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றி வந்தவை. வேஷத்தைக் கலைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு சப்தம் ஒளிந்திருக்கும்.

இடியையே எடுத்துக்கொள்வோம். பங்குனி, சித்திரை மாதங்களில் இந்த மலையில் முதல் இடி முழங்கும்போது குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்கின்றன. பாட்டிமார்கள் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்கிறார்கள். தோட்டக்காரர் மட்டும் வாசலில் வந்து நின்று புன்சிரிப்புச் சிரிக்கிறார். அந்த மழை பெய்தால்தான் காப்பி பூக்கும். மழை பெய்த பத்து நாளைக்குள் மலைச்சரிவு முழுவதும் மல்லிகைப் பந்தல் போட்டதுபோல் வெளுத்துவிடும். தமிழில் 'இடி' என்பது நெல்லை இடிப்பதும், வானம் இடிப்பதும், நண்பன் தவறு செய்தால் இடித்துச் சொல்வதும் ஆகிய மூன்றுக்கும் பொது. கடைசிப் பொருளை வள்ளுவரும் ஆண்டிருக்கிறார். இங்கிலீஷிலோ, திகைத்துப் போவதற்கு 'அஸ்டானிஷ்' என்று ஒரு சொல் உண்டு. அதன் வேர் இடி முழக்கத்தைக் குறிக்கும் லத்தீன் சொல். 'இடி விழுந்தவன்போல் நின்றான்' என்று நாம் சொல்வதையே அவர்கள் ஒரே சொல்லாக மடித்து வைத்திருக்கிறார்கள். வானத்தில் ஒற்றை இடி இடித்தால் அதை 'கிளாப்' என்றும் சொல்கிறார்கள். அதாவது வானம் கைதட்டுகிறதாம்!

இந்தக் கைதட்டலின் கதைதான் விசித்திரமானது. 'கிளாப்' என்பது பழைய இங்கிலீஷ்ச் சொல். இதயம் அடித்துக்கொள்வதையும் ஒரு காலத்தில் அது குறித்தது. லத்தீனில் கைதட்டுவதற்கு 'பிளௌதெரே' என்று பெயர். ரோமாபுரியில் ஹாஸ்ய நாடகம் முடிந்ததும், நடிகர் சபையோரைப் பார்த்துக் கைதட்டுமாறு வாய்விட்டே கேட்டுக்கொள்வது வழக்கம். அந்தச் சொல்லிலிருந்து 'அப்ளாஸ்' பிறந்தது. 'பிளாஸிபிள்' என்பதும் அதன் வயிற்றில் பிறந்த பிள்ளையே. முதலில் அதற்குக் 'கைதட்டத் தகுந்தது' என்று பொருள். பிற்பாடு 'கேட்பதற்கு நியாயம் போல் தோன்றுவது' என்று இறங்கிவிட்டது. கைதட்டல் பெற்றதெல்லாம் உண்மையாகாது என்பதை அந்தச் சொல் அநுபவத்தில் கண்டுகொண்டது போலும்!

பிரசங்கிகள் சிலர் இருக்கிறார்கள். சபையோர் எந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அந்த இடத்தில் குரலை உயர்த்துவார்கள். இங்கிலாந்தில் 18-ஆம் நூற்றாண்டு நாடகக்காரர்கள் இந்த உபாயத்துக்குக் 'கிளாப்-டிராப்', அதாவது கைதட்டலைப் பிடிக்கும் கண்ணி, என்று பெயர் வைத்தார்கள். இன்று அந்தச் சொல்லுக்கு 'வெற்றுப் பேச்சு' என்று பொருள். 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்து நாடகக் கொட்டகைகளில் கூலிக்குக் கைதட்டும் கூட்டத்தாரே இருந்தார்கள். அவர்களில் சிரிப்பதற்கு ஆள் தனி, அழுவதற்கு ஆள் தனி, 'இன்னொரு தரம்' என்று கூவுவதற்கு ஆள் தனி!

அவர்களுக்கெல்லாம் மூதாதை ரோமாபுரிச் சக்கரவர்த்தி நீரோ. தாம் பாடும்போது கைதட்டுவதற்கென்றே அவர் 5,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைத் தயார் செய்தார் என்று ஸூடோனியஸ் என்ற சரித்திர ஆசிரியர் எழுதியிருக்கிறார். கைதட்டலில் மூன்று வகை கற்பித்தார்களாம். தேனீ முரல்வது போன்றது ஒன்று. கையைக் குவித்து, வளைந்த ஓட்டைப் போல் வைத்துக்கொண்டு தட்டுவது ஒன்று. தட்டையோடு போல் விரித்துத் தட்டுவது ஒன்று. தேனீ வகைக்கு அவர்கள் வைத்த பெயரோடு பிறந்த சொல்தான், பல பாஷைகளைக் கடந்து, இன்று 'பாம்' என்று பத்திரிகைகளில் நாள்தோறும் அடிபடுகிறது. தேனீயின் ரீங்காரத்தில் பிறந்த சொல் வெடிகுண்டாகி முடிந்திருக்கிறது.

இவை எல்லாவற்றிலும் நம்மைத் திடுக்கிடச் செய்தது 'எக்ஸ்ப்ளோட்' என்ற சொல். வெடிப்பது என்பது அதன் இன்றைய பொருள். தமிழில் 'வெடி' என்றால் பிளப்பது. கரிசல் மண் வெடிக்கிறது, பருத்திக் காய் வெடிக்கிறது. அதில் மர்மம் ஒன்றுமில்லை. ஆனால் 'எக்ஸ்ப்ளோட்' என்ற சொல்லில் நெருப்பும் இல்லை, மருந்தும் இல்லை. 'வெளியே' என்ற முன்னொட்டும் 'கைதட்டு' என்ற வினையும் சேர்ந்தது அது. ரோமாபுரியில் மேடையில் நிற்கும் நடிகனைப் பிடிக்காவிட்டால் சபையோர் கைதட்டி, கூச்சலிட்டு, அவனை வெளியே துரத்துவார்கள். அதற்குத்தான் இந்தப் பெயர். 16-ஆம் நூற்றாண்டில் இங்கிலீஷுக்குள் நுழைந்தபோதும் 'ஏளனம் செய்து தள்ளுதல்' என்பதே பொருள். வெடிமருந்துக்கு அது வந்து சேர்ந்தது பின்னால்தான். ஆக, புகழ்வதற்கான சொல்லும், அவமானப்படுத்தித் துரத்துவதற்கான சொல்லும், ஒரே கைதட்டலில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள்!

நம் நாட்டில் மட்டும் வேறு விதமா? குழந்தை உட்காரக் கற்று, இரு கைகளையும் சேர்த்துக் கொட்டும் பருவத்தைச் 'சப்பாணிப் பருவம்' என்று பிள்ளைத்தமிழ் கொண்டாடுகிறது. ஒன்பதாம் மாதத்துக் குழந்தையின் முதல் சாதனை கைதட்டுவது. உள்ளங்கையைக் குவித்துத் தட்டுவதற்குக் 'கொம்மை கொட்டுதல்' என்று பெயர்; நீரோவின் இரண்டாம் வகைக்கு நம்மிடம் தனிச் சொல்லே இருக்கிறது. பெண்கள் வட்டமாக நின்று கும்மியடிக்கிறார்கள். இத்தனைக்கும் நடுவிலேதான் 'கைகொட்டிச் சிரித்தார்கள்' என்ற வழக்கும் வாழ்ந்துகொண்டிருக்கிறது. 'ஊரார் கைகொட்டிச் சிரிக்கும்படி ஆகிவிட்டதே' என்று ஒரு குடும்பத்தில் சொன்னால், அந்த வீட்டில் அன்றிரவு அடுப்பு எரியாது.

கைதட்டித் துரத்துவதற்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. அது மலைக்கே உரியது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்கள் கிளி ஓட்டுவதற்கு வைத்திருக்கும் கருவிகள் தழல், தட்டை, குளிர் என்று சொல்லப்படுகின்றன. அவற்றுள் தட்டை என்பது, மூங்கிலைப் பலவாகப் பிளந்து, தட்டினால் படபடவென்று ஓசை எழும்படி செய்தது. இங்கிலாந்திலும் வயலில் பறவை ஓட்டும் சிறுவர்கள் மரப்பலகைகளைச் சேர்த்துத் தட்டுவார்கள். அதற்குப் பெயர் 'கிளாப்பர்'. எங்கோ இருக்கும் இரண்டு தேசங்களில் பறவை ஓட்டுவதற்கு ஒரே யோசனை! கிளி கடிந்த மலைகளில் எங்கள் மலையும் ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். இங்குள்ள அருவிக்கே கிளியூர் என்று பெயர். மலையாளி மக்கள் இந்தச் சரிவுகளில் சாமையும் தினையும் விதைத்து வந்தவர்கள்.

இதையெல்லாம் வெறும் அகராதி ஆராய்ச்சியாக நாம் செய்யவில்லை. செய்யும்படி நேர்ந்தது.

சில வருஷங்களுக்கு முன், மலைக்கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பையன் ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தான். தினமும் நெடுந்தூரம் நடந்து வருவான். கணக்கில் கெட்டிக்காரன், இங்கிலீஷ் மட்டும் அவனுக்குக் கசப்பு. ஒருநாள் பாடத்தை உரக்க வாசிக்கும் முறை அவனுக்கு வந்தது. இந்த 'எக்ஸ்ப்ளோட்' என்ற சொல் வந்த இடத்தில் நின்றான். எழுத்துக் கூட்டி, "எக்ஸ்பிலோடே" என்றான். வகுப்பு சிரித்தது. சிரிப்பு ஓய்ந்த பிறகு பின்வரிசையில் யாரோ ஒருவன், நிதானமாக, இடைவெளி விட்டு விட்டு, கைதட்டினான். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். நாம் அதட்டியதும் ஓசை நின்றது. ஆனால் அவன் முகத்தில் ஏறிய இரத்தம் இறங்கவில்லை. மறுநாள் அவன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. நான்காம் நாள் சனிக்கிழமை. நாம் அவன் ஊருக்குப் புறப்பட்டோம்.

வீட்டு வாசலில் அவனுடைய ஆயா உட்கார்ந்து மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார். "வாங்க வாத்தியாரய்யா. பையன் இனிமே தோட்டத்து வேலைக்கே போறேங்கறான். படிப்பு வேண்டாமாம். என்ன ஆச்சுன்னு கேட்டா வாயைத் தொறக்க மாட்டேங்கறான்" என்றார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றான். அவனிடம் என்ன பேசுவது என்று யோசித்தபடி கூரையைப் பார்த்தோம். இறவாணத்தில், நுனியிலிருந்து பாதி வரையில் பிளந்த மூங்கில் ஒன்று செருகியிருந்தது.

"இது எதற்கப்பா?" என்று கேட்டோம்.

"குரங்கு ஓட்டறதுக்கு சார். ஆயா சின்னப் பிள்ளையா இருந்தப்போ சாமைக் காட்டுல குருவி ஓட்டுவாங்களாம்" என்றான்.

நான்கு நாட்களில் அவன் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று கிழவி பிற்பாடு சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து அவனுக்குக் கபிலர் பாட்டைப் பற்றியும், ரோமாபுரி நடிகனைப் பற்றியும் சொன்னோம். "உன்னை அன்றைக்கு அவர்கள் என்ன செய்தார்களோ, அதுதான் அந்தச் சொல்லுக்கு அர்த்தம். வகுப்பில் உனக்கு மட்டுந்தான் அதன் அர்த்தம் சரியாகத் தெரியும். திங்கட்கிழமை இந்த மூங்கிலை எடுத்துக்கொண்டு வருகிறாயா?" என்றோம். அவன் ஆயாவைப் பார்த்தான். "எடுத்துக்கிட்டுப் போடா. குரங்கை நான் கையாலே ஓட்டிக்கறேன்" என்றார் கிழவி.

திங்கட்கிழமை வந்தான். வகுப்பில் அந்த மூங்கிலை ஒருமுறை தரையில் அடித்தான். அந்த அறைக்குள் அது படபடவென்று வெடித்த வெடியில், முன்வரிசையில் இருந்தவர்கள் பெஞ்சோடு பின்னால் நகர்ந்தார்கள். ஜன்னலில் உட்கார்ந்திருந்த மைனா இரண்டும் பறந்துபோயின. பிறகு நாம் அந்தச் சொல்லின் கதையைச் சொன்னோம். யாரையும் பெயர் சொல்லிக் கண்டிக்கவில்லை. பின்வரிசை தலை குனிந்திருந்தது. கதை முடிந்ததும் ஒரு பெண் கைதட்டினாள். பின்னர் எல்லாரும் தட்டினார்கள். அப்போது அந்தப் பையன் செய்ததை நாம் இன்றும் மறக்கவில்லை. அவன் உடனே சிரித்துவிடவில்லை. இது எந்தக் கைதட்டல் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் உட்கார்ந்தான்.

கையின் ஓசையில் வித்தியாசம் ஒன்றுமில்லை, முகத்தில்தான் இருக்கிறது. 2020 மார்ச் 22-ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு தேசமெங்கும் ஜனங்கள் வாசலிலும் மாடியிலும் நின்று கைதட்டினார்கள். தட்டுகளையும் மணிகளையும் ஒலித்தார்கள். வைத்தியர்களுக்கும் தாதிகளுக்கும் நன்றி சொல்வதற்காக ஏற்பட்டது அது. ஆனால், அந்த ஓசைக்கே நோய் ஓடிவிடும் என்று நம்பித் தட்டியவர்களும் இருந்தார்கள். ஒரே வீதியில், ஒரே நேரத்தில், ஒருவர் தட்டியது வாழ்த்துவதற்கு, அடுத்த வீட்டுக்காரர் தட்டியது துரத்துவதற்கு!

இன்று நம் பிள்ளைகள் ஓயாமல் கைதட்டப் பழகிவிட்டார்கள். பள்ளி ஆண்டு விழாவில் தட்டுகிறார்கள். பிறந்த நாள் விருந்தில் தட்டுகிறார்கள். தொலைக்காட்சியில் யாரோ தட்டுவதைப் பார்த்துத் தாங்களும் தட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அம்மாக்களும் அப்பாக்களும் ஒரு காரியம் செய்யலாம். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த குழந்தை, "இன்றைக்கு எல்லாரும் ஒருத்தனுக்குக் கைதட்டினோம்" என்று சொன்னால், "அவன் என்ன செய்தான்?" என்று கேட்பதோடு நிறுத்திவிட வேண்டாம். "தட்டி முடித்த பிறகு அவன் முகம் எப்படி இருந்தது?" என்றும் கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பையன் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, சேலத்துக் கல்லூரி ஒன்றில் சேர்ந்தான். அவன் ஆயாவை மூன்று மாதத்துக்கு முன் சந்தையில் பார்த்தோம். "என் மூங்கிலை வாங்கிட்டுப் போனீங்களே வாத்தியாரய்யா, திருப்பித் தரவே இல்லையே!" என்று நம்மைக் கடிந்துகொண்டார். மூங்கில் இன்னும் பள்ளிக்கூடத்து அலமாரியில்தான் இருக்கிறது. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பாடம் வரும்போது அதை வெளியே எடுக்கிறோம்.